எட்டுப் பேரின் கையிருப்பு

அல்லிக்குழியில் பாத்திரம் தேய்ப்பது யார் என்ற சண்டை ஐந்து விநாடிக்கு மேல் நீடிப்பதில்லை. காலையில் கணவனும் மனைவியும் எதிரெதிரே நின்று ஒருவர் தொண்டைக்குழியை மற்றவர் பார்ப்பார்கள். "நான் நாப்பத்தொண்ணு, நீங்க அம்பத்தாறு" என்பாள் மனைவி. அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. ஐம்பத்தாறு எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்கும். நாற்பத்தொன்று காலை நீட்டிக்கொண்டு உட்காரும். பூமியில் இதே வழக்கு முப்பது நாற்பது ஆண்டுகள் நடந்து, தீர்ப்பே வராமல் இரு தரப்பும் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

அல்லிக்குழி, நிலவின் பெரும்பள்ளம் ஒன்றுக்குள் எட்டு அடுக்குகளாகத் தோண்டிக் கட்டிய ஊர். நாலாயிரம் பேர். ஏறக்குறைய எல்லோர் தொண்டைக்குழியிலும் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். அதன் பெயர் களைமானி. உடம்பில் இன்னும் எவ்வளவு தெம்பு மிச்சம் என்பதை நூறிலிருந்து பூஜ்யம் வரை எண்ணாகக் காட்டும். முப்பதுக்குக் கீழே போனால் சிவக்கும். அந்த ஊரில் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. தொண்டையைப் பார்ப்பார்கள், "பரவால்லையே, அறுபதுல இருக்கீங்க" என்பார்கள். முகத்தைப் பார்ப்பது அதற்கப்புறம்தான்.

களைமானியின் கணக்கு ஒன்றும் பிரம்ம வித்தை அல்ல. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு தாங்குகோடு உண்டு. அந்தக் கோட்டுக்குக் கீழே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நடக்கலாம், ஓடலாம். கோட்டைத் தாண்டி வேகமெடுத்தால் தொட்டியில் இருக்கும் கையிருப்பு வடியத் தொடங்கும். வேகம் குறைந்தால் மறுபடி ஊறும், முதலில் மளமளவென்று, பிறகு சொட்டுச் சொட்டாக. தொட்டி எவ்வளவு பெரிது, எவ்வளவு சீக்கிரம் ஊறும் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், அந்த ஆள் எந்த நொடியில் உட்காருவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அப்படிச் சொல்வதுதான் நூருன்னிசாவின் வேலை. நாற்பத்தாறு வயது. அல்லிக்குழி விளையாட்டுக் கழகத்தின் களைப்புக் கணிப்பாளர். அவருடைய கணிப்புகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டரை சரியாக வந்ததற்காகப் போன ஆண்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை மேசைமேல் வைத்து, பக்கத்தில் இருப்பவர்கள் கேட்காமலே அதைப் பற்றிச் சொல்லுவார். வேலை முழுக்க நாற்காலியில்தான். ஓட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, ஓடுவதைத் தவிர.

அந்த ஊரின் பெரிய விளையாட்டு, பன்னிரு பாய்ச்சல். திருவிழாக்களில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். கிணற்றுச் சுவரில் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்களே, அதேதான். நிலவில் எடை ஆறில் ஒரு பங்கு என்பதால் மோட்டார் சைக்கிள் வேண்டாம், இரண்டு காலே போதும். ஒரு நிமிடம் சுவரில் முழு வேகப் பாய்ச்சல். பிறகு கீழே இறங்கி ஒரு நிமிடம் நடை. மறுபடி சுவர். இப்படிப் பன்னிரண்டு முறை. களைத்துப்போய் வேகம் குறைந்தால் சுவர் தானாகவே கீழே விட்டுவிடும். அடியில் வலை இருக்கிறது.

அங்கயற்கண்ணி என்றைக்கும் ஏழாவது பாய்ச்சலில்தான் விழுவாள்.

உசிலம்பட்டிப் பெண், இருபத்து நான்கு வயது. நிலவுக்கு வந்து இரண்டு ஆண்டாகிறது. அன்றைக்கும் ஏழாவது பாய்ச்சலில் அவளுடைய வில்லை சிவந்தது. கிணற்றின் எதிர்ச்சுவரில் இருந்த பெரிய பலகையில் அவள் எண் இறங்கியது. ஆறு, நான்கு, இரண்டு. பூஜ்யம் வந்ததும் கால்கள் துவண்டன. நடிப்பு இல்லை, சோம்பல் இல்லை. மூச்சு நெஞ்சில் முட்டியது, தொடை கல்லாகிவிட்டது, வலையில் போய் விழுந்தாள். மேலே அணியின் மற்ற ஏழு பேரும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சியாளர் ஸ்டான்லி தங்கையா வலையோரம் வந்து நின்றார். நல்ல மனிதர்தான். கெட்ட சேதியைச் சொல்லும்போது மட்டும் மீசையைத் தடவுவார். இப்போது தடவினார்.

"கண்ணி, கோப்பைக்கு ஏழு பேர்தான் போகணும். வியாழக்கிழமை பட்டியல் கொடுக்கணும்."

"மாஸ்டர், எனக்கு இன்னும் ரெண்டு நாளு இருக்குல்ல?"

"ரெண்டு வருஷமா ஏழுதானே ஏறுது. எட்டு ஏறலையேம்மா. நான் என்ன செய்ய? வெள்ளிக்கிழமை பூமி ஓடம் கிளம்புது. அதுல ஒரு சீட்டுப் போட்டு வைக்கிறேன்."

அங்கயற்கண்ணிக்கு அழுகை வந்தது. பூமிக்குப் போனால் எடை ஆறு மடங்காகும். ஆறு மாதம் குளத்தில் இறக்கி நடை பழக்குவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டில் அம்மா வைத்த பதினைந்தடி பேனரை என்ன செய்வது? வானத்தில் ஓடும் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று அதில் எழுதியிருந்தது. நிலவிலேயே ஒரு வலையில் விழுந்து கிடக்கிறாள் என்று யாரும் ஊரில் இன்னும் சொல்லவில்லை.

நேராக நூருன்னிசாவின் அறைக்குப் போனாள்.

"அக்கா, என் கணக்கை இன்னொரு தடவை பாருங்களேன். எங்கயாச்சும் தப்பு இருக்கும்."

"தப்பா?" நூருன்னிசாவின் பார்வை கேடயத்துக்குப் போய்த் திரும்பியது. "ஏழாவதுல விழுவேன்னு சொல்லிச்சு. விழுந்தியா இல்லையா?"

"விழுந்தேன்."

"அப்புறம் என்ன தப்பு?"

"தெரியலக்கா. ஓடுறப்ப முதல் அஞ்சு பாய்ச்சல் சும்மா பறக்குற மாதிரி இருக்கு. பலகையில நம்பர் இறங்க இறங்க காலு தானா கனக்குது."

இதில் புதுமை ஒன்றுமில்லை என்று நூருன்னிசா நினைத்தார். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. தொண்டையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்ததுதான் அவர் செய்த பிசகு. "சரி, உன்னோட வற்றுச் சோதனையை எடுத்துப் பார்க்குறேன்" என்றார்.

வற்றுச் சோதனை என்பது ஆள் அணியில் சேரும்போது ஒரே ஒருமுறை நடப்பது. மார்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, தொட்டி முழுக்க வற்றும்வரை, அதாவது குடல் வாய்க்கு வரும்வரை ஓட வேண்டும். அதிலிருந்துதான் தொட்டியின் அளவையும் ஊறும் வேகத்தையும் கணக்கெடுத்துக் களைமானிக்குள் போடுவார்கள். அதற்குப் பிறகு களைமானி தினசரி ஓட்டத்தைப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். எட்டுப் பேருக்கும் இரண்டு ஆண்டுக்கு முன் ஒரே நாளில் அந்தச் சோதனை நடந்தது. அதை நடத்தியது இயந்திரம். மேற்பார்வைக்கு ஆள் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று எட்டுப் பேரின் வரைகோடுகளையும் நூருன்னிசா திரையில் அருகருகே போட்டார். போட்டதும் நெற்றியைச் சுருக்கினார். களைப்பு என்பது கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் வேறு. இங்கே எட்டும் கூடப் பிறந்தவை போல இருந்தன. மூச்சு ஏறும் விதம் ஒன்று, காலடித் தாளம் ஒன்று, கடைசியில் தடுமாறும் தடுமாற்றம்கூட ஒன்று. தொட்டியின் அளவு மட்டும் வேறு வேறு.

சோதனை நடந்த நேர வரிசையில் அவற்றை அடுக்கினார். காலை எட்டு மணிக்கு ஓடிய இன்பராஜுக்குத் தொட்டி பெரிது. ஒன்பது மணிக்காரருக்குக் கொஞ்சம் சிறியது, பத்து மணிக்காரருக்கு இன்னும் சிறியது. மதியம் இரண்டு மணிக்கு ஓடிய ஷோபனாவுக்குத் திடீரென்று மறுபடி பெரிதாகியிருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசியாக ஓடிய அங்கயற்கண்ணிக்கு அடிமட்டம். அணியில் இன்றைக்கு இன்பராஜ் முதலிடம், ஷோபனா இரண்டாமிடம், அங்கயற்கண்ணி எட்டாமிடம்.

நூருன்னிசா எட்டு வரைகோடுகளையும் வாலும் தலையுமாக ஒட்டி, ஒரே மனிதன் இடைவெளி விட்டு விட்டு எட்டுத் தடவை ஓடியதாக நினைத்துத் தன் கணக்கில் கொடுத்தார். கணக்கு அச்சில் வார்த்தாற்போல் பொருந்தியது. மதியச் சாப்பாட்டுக்கு விட்ட இரண்டு மணி நேரத்தில் தொட்டி எவ்வளவு ஊறியிருக்க வேண்டுமோ, சரியாக அவ்வளவு ஊறியிருந்தது. தன் வாழ்நாளில் இத்தனை அழகாகப் பொருந்திய கணக்கை அவர் பார்த்ததில்லை. ஒரு நிமிடம் ரசித்தார். பிறகு அங்கயற்கண்ணி பக்கம் திரும்பினார்.

"கண்ணி, உண்மையைச் சொல்லு. அன்னைக்கு யாரு ஓடினது?"

அங்கயற்கண்ணி தலை குனிந்தாள்.

அன்றைக்குத் தீபாவளி. இயந்திரத்தின் நாட்காட்டிக்குத் தீபாவளி தெரியாது. பதினொரு மாதத்துக்குப் பிறகு பூமியிலிருந்து அசல் ஆட்டுக்கறி வந்திருந்தது. காலை ஏழு மணிக்கே பிரியாணி. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குடல் வாய்க்கு வரும்வரை யார் ஓடுவார்கள்? கல்லூரியில் வருகைப் பதிவுக்குப் பக்கத்தில் இருப்பவன் "உள்ளேன் ஐயா" சொல்வதில்லையா? பட்டையை வேறு ஒருவர் மார்பில் கட்டிவிட்டால் தீர்ந்தது. அதைப் பெரிய குற்றமாக அங்கே யாரும் நினைக்கவில்லை. அங்கயற்கண்ணி மட்டும் மனச்சாட்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டு சாயங்காலம்வரை தள்ளிப்போட்டாள். மனச்சாட்சிக்குக் கிடைத்த பரிசு, தொட்டியின் அடிவண்டல்.

"யாரு மார்புல கட்டின?"

"கேண்டீன் பேச்சிமுத்து அண்ணாச்சி. நான் ஒருத்திதான் கேட்டேன்னு நெனச்சேன்க்கா."

பேச்சிமுத்து எட்டு அடுக்குக்கும் தேநீர் கொண்டுபோகிறவர். ஐம்பத்து மூன்று வயது, தென்காசிப் பக்கம். இருவரும் போனபோது ஐந்தாவது அடுக்கில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆமா மேடம், எட்டு பேரும்தான் வந்தாவ" என்றார் சாதாரணமாக. "ஆளாளுக்கு, யார்ட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சின்னு சொன்னாவ. நானும் ஒருத்தர்ட்டயும் சொல்லல. நல்ல நாளும் அதுவுமா பிள்ளைகள்லாம் சாப்பிட்டு இருக்கு, ஓட முடியுமா? பட்டையைக் கட்டி விடுங்கன்னு ஓடுனேன். ராத்திரிப் பந்திக்கு வேற பரிமாற வேண்டியிருந்துச்சு, அதான் கடைசி ரவுண்டு கொஞ்சம் மந்தமாப் போச்சு. தப்பா எடுத்துக்கிடாத தாயி."

எட்டு முறை வற்றி எட்டு முறை ஊறிய ஒரு மனிதரை நூருன்னிசா வாய்பிளந்து பார்த்தார். எப்படி என்று யோசிக்கத் தேவையில்லை. நிலவில் எடை குறைவுதானே என்று நிர்வாகம் தேநீர் டிரம்மை ஆறு மடங்கு பெரிதாக்கியிருந்தது. நூற்றிருபது லிட்டர், முதுகில். ஓர் அடுக்கு ஏறு, நின்று ஊற்று, மறுபடி ஏறு, மறுபடி ஊற்று. ஒரு நாளைக்கு நான்கு நடை, பதினோரு ஆண்டு. உலகத்தின் தலைசிறந்த இடைவெளிப் பயிற்சியை யாரும் திட்டமிடாமல் ஒரு கேண்டீன் கொடுத்திருந்தது.

"லிஃப்ட்ல போக வேண்டியதுதானே அண்ணாச்சி?" என்று கேட்டார் நூருன்னிசா.

"அது முப்பதுக்குக் கீழ இருந்தாத்தான் திறக்கும் மேடம். எனக்கு நம்பரே கிடையாதுல்லா? காண்டிராக்ட் ஆளுங்களுக்கு வில்லை குடுக்கல."

நூருன்னிசா அவர் ஊற்றிக் கொடுத்த தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

புதன்கிழமை தகுதி ஓட்டம். அங்கயற்கண்ணியின் களைமானிமேல் நூருன்னிசா ஒரு பிளாஸ்திரியை ஒட்டினார். பலகையில் அவள் பெயருக்கு நேரே வெறும் கோடு. "அது உன் நம்பர் இல்ல. பிரியாணிக்கு அப்புறம் அண்ணாச்சிகிட்ட மிஞ்சினது. அதை மறந்துட்டு ஓடு" என்றார்.

அவள் ஓடினாள். ஏழாவது பாய்ச்சலில் வழக்கம்போல் பலகையைப் பார்த்தாள், அங்கே விழச் சொல்ல எதுவும் இல்லை. விழ மறந்துபோய் எட்டாவதுக்கு ஏறினாள். ஒன்பது, பத்து. பதினொன்றில் கண் இருட்டியது, ஆனால் கால் நிற்கவில்லை. பன்னிரண்டையும் முடித்து இறங்கியபோது அவளோடு இன்பராஜும் ஷோபனாவும் மட்டுமே சுவரில் மிச்சம் இருந்தார்கள். மூச்சிரைக்க நின்றவள், பழக்கதோஷத்தில் தொண்டையைத் தடவினாள். கையில் பிளாஸ்திரி தட்டுப்பட்டது.

"மாஸ்டர், எனக்குக் களைப்பா இருக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார் ஸ்டான்லி. அவர் கண் கலங்கியிருந்தது. "எதுக்கும் உக்காரு."

வியாழக்கிழமைப் பட்டியலில் அவள் பெயர் வந்தது. ஓரிடம் பின்தங்கிய இன்னொருவர் ஓடத்தில் ஏறினார். அம்மாவிடம் அன்றே பேசினாள். பேசும்போது மாறி மாறிச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. பேனருக்கு ஆபத்தில்லை.

நூருன்னிசா கழகத்துக்கு முழு உண்மையையும் எழுதிக் கொடுத்தார். ஒருவருக்கும் தன் சொந்த எண் இல்லை, எல்லோருக்கும் சோதனையைத் திரும்ப நடத்த வேண்டும் என்று. மற்றவர்கள் கொதித்துப்போனார்கள். போட்டி நெருங்கும் நேரத்தில், இருக்கும் நல்ல எண்ணைக் கெடுப்பதா? சொந்த எண் இதைவிடக் குறைவாக வந்துவிட்டால் யார் பொறுப்பு? கழகமும் யோசித்தது. இரண்டு ஆண்டாகக் கணிப்பு தொண்ணூற்றெட்டரை சரியாக வந்திருக்கிறது. எண் சொன்னபடி ஆட்கள் களைத்திருக்கிறார்கள். ஆகவே எண்ணில் பிழையில்லை என்று முடிவு செய்து ஃபைலை மூடியது. அங்கயற்கண்ணிக்கு மட்டும் பிளாஸ்திரிக்கு அனுமதி.

அவள் இன்னொன்றும் கேட்டாள். பேச்சிமுத்துவைக் கௌரவிக்க வேண்டும் என்றாள். பொன்னாடை போடலாமா என்றார்கள். கடைசியில் அவருக்கும் ஒரு களைமானி கொடுப்பதென்று தீர்மானம் ஆனது. அல்லிக்குழியில் வில்லை பெற்ற முதல் கேண்டீன்காரர். கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை தேநீர் வரவில்லை.

அங்கயற்கண்ணி தேடிக்கொண்டு போனாள். மூன்றாவது அடுக்குப் படியில் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிரம். தொண்டையில் வில்லை செக்கச்செவேலென்று எரிந்தது. ஒன்பது.

பதினோரு ஆண்டு களைப்பு அறியாமல் ஏறிய மனிதர்! ஓர் எண்ணைக் கொண்டுவந்து கழுத்தில் மாட்டி, மூன்றாவது மாடியிலேயே உட்கார வைத்துவிட்டோமே. தான் ஏழாவது பாய்ச்சலில் பட்ட பாட்டை இவர் தலையிலும் கட்டியது தன்னுடைய வாய்தான்.

அதற்குள் ஸ்டான்லி தங்கையா இரைந்துகொண்டே படியேறி வந்தார். "எங்கய்யா டீ? மணி என்ன ஆகுது?" என்று ஆரம்பித்தவர், வில்லையைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "ஐயையோ, ஒம்பதா! அண்ணாச்சி, அசையாதீங்க. உக்காருங்க, உக்காருங்க. நான் லிஃப்டைக் கூப்பிடுறேன்." போன வாரம்வரை இரண்டு நிமிடத் தாமதத்துக்கு எட்டு அடுக்கும் அதிரக் கத்தியவர் அவர்தான். இப்போது ஓடினார்.

அங்கயற்கண்ணி பேச்சிமுத்துவின் முன்னால் குந்தினாள்.

"அண்ணாச்சி, நான் சொல்றதைக் கேளுங்க. அந்த நம்பரை நம்பாதீங்க. நானும் ரெண்டு வருஷம் நம்பித்தான் வீணாப் போனேன். நீங்க எந்திரிச்சு நடந்தீங்கன்னா நடப்பீங்க."

பேச்சிமுத்து அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"நடப்பேன் தாயி. அது எனக்குத் தெரியாதா? முட்டி வலிக்குதுன்னு எட்டு வருஷமாச் சொல்லுதேன், ஒருத்தரும் காதுல வாங்கல. இப்பப் பாரு, வாயே திறக்கல. ஓடுதாரு மனுசன்." குரலைத் தாழ்த்தினார். "நம்பரை நான் எங்க நம்புதேன்? அவாள்லாம் நம்புதாவ."

"ஆனா மூணு மாடிக்கு ஒம்பது எப்படி வரும்? எட்டு தடவை ஓடின ஆளு நீங்க. உங்க சோதனையில..." அங்கயற்கண்ணி பாதியில் நிறுத்தினாள். "அண்ணாச்சி, உங்க சோதனையில யாரு ஓடினது?"

அவர் மேலே படியைப் பார்த்தார்.

நான்காவது அடுக்கிலிருந்து நூருன்னிசா இறங்கி வந்துகொண்டிருந்தார். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில், ஒவ்வொரு படிக்கும் ஒரு "யா அல்லாஹ்" சொல்லிக்கொண்டு.

"என்னைப் பார்த்துச் சிரிக்காத கண்ணி" என்றார். "ஒண்ணரை நிமிஷம்தான் ஓடினேன். ரெண்டு தடவை வலையில விழுந்தேன். மூணு நாளா நாற்காலியில உக்காரக்கூட முடியல."

"நீங்களாக்கா?"

"எட்டு பேருக்கு அவர் ஓடினார். அவருக்கு ஒருத்தர் ஓட வேண்டாமா?"

மின்தூக்கி வந்து நின்றது. பேச்சிமுத்து அதன் முன்னால் போனார். கதவு அவருடைய தொண்டையைப் படித்து, பதினோரு ஆண்டில் முதல் முறையாக, மரியாதையாகத் திறந்தது. ஸ்டான்லி டிரம்மை உள்ளே தள்ளிக் கொடுத்தார். நூருன்னிசா படியிலேயே நின்றார். அவருடைய வில்லை எழுபத்து நான்கு காட்டியது. தொடை வலிக்கு அவர் எழுதிய கணக்கில் இடம் இல்லை.

"ஏறுங்க மேடம்" என்றார் பேச்சிமுத்து, கதவைக் கையால் பிடித்துக்கொண்டு. "உங்க நம்பருக்குத்தான திறந்திருக்கு."

மூன்று பேரும் டிரம்மும் ஏறினார்கள். ஸ்டான்லி தங்கையா படியில் நடந்து வந்தார். அவருக்கு எழுபது மிச்சம் இருந்தது.